ராஜபாளையம் நாய்க்குத் தொப்பை இல்லை!

ராஜபாளையம் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? ஒட்டிய வயிறு, நீண்ட கால், அந்த நடையில் ஒரு திமிர்... சினிமா ஹீரோ தோற்றான்! அப்படியே அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் நின்று, வேலை முடிந்து வருகிற வாலிபர்களையும் பாருங்கள். வயிற்றுக்கு நேரே இருக்கிற சட்டைப் பட்டன் படுகிற பாடு தெரியும்!

சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. மத்திய அரசே எண்ணிப் பார்த்திருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டு ஆண்களில் 28.2 சதவிகிதம் பேருக்கு அதிக எடை. 2019-21-ல் அது 37! பெண்களில் 30.9-லிருந்து 40.4. சில வருஷத்துக்குள் ஒன்பது பர்சென்ட் ஏற இது என்ன, ஃபைனான்ஸ் கம்பெனி வட்டியா?

அரசாங்கமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது; வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்தார்கள். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' - மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை. 2025 பிப்ரவரியில் பிரதமர் ரேடியோவில் பேசினார்: சமையல் எண்ணெயைப் பத்து சதவிகிதம் குறையுங்கள் என்றார். அதே வருஷம், எதில் எவ்வளவு எண்ணெய், சர்க்கரை என்று ஆபீஸ்களில் போர்டு வைக்கச் சொன்னது சுகாதார அமைச்சகம். 'சமோசாவுக்கே எச்சரிக்கையா!' என்று நாடே அலற, 'ஐயோ, கடைக்காரர்களுக்குச் சொல்லவில்லை, ஆபீஸுக்குத்தான்' என்று விளக்கம் வேறு கொடுக்க வேண்டியதாயிற்று.

நல்ல காரியம்தான். ஆனால், அதே அரசாங்கத்தின் இன்னொரு கை என்ன செய்கிறது? பல வருஷமாக ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டு அடுப்புக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் கலர் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம் என்றார்கள்... சபாஷ்! ஆனால் அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், மிக்சர் எல்லாம் 5 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டன. 'குறைச்சுச் சாப்பிடு' என்ற உபதேசம் நமக்கு, வரிக் குறைப்பு மிக்சருக்கு!

ராஜபாளையம் மில் ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார் ஒரு நண்பர். வயது முப்பத்துமூன்று. போன வருஷம் டெஸ்ட் எடுத்ததில், வெறும் வயிற்றில் சுகர் 142. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் இரண்டை எடுத்தாகிவிட்டது.

"எட்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்றாங்க. எப்பண்ணே நடக்க?" என்றார். "காலைல போனா ராத்திரி எட்டு மணி. மூணரைக்கு டீயோட பஜ்ஜி வந்துரும். பசிக்காது. ஆனா எதிர்சீட்டுக்காரர் ரெண்டு எடுக்கும்போது நம்ம கை சும்மா இருக்குமா? யாருக்காவது புள்ள பொறந்தா பால்கோவா, இன்க்ரிமென்ட்டுன்னா பால்கோவா, டிரான்ஸ்ஃபர்னாலும் பால்கோவா! வேணாம்னா, 'என்ன, எம்மேல கோவமா?'ம்பாங்க. ராத்திரி வீட்டுக்குப் போற வழியில பரோட்டாக் கடை..."

எட்டு கிலோமீட்டர் நடந்தால் சுமாரான ஆளுக்குச் செலவாவது ஏறக்குறைய 400 கலோரி. ரெண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினால் அந்தக் கணக்கு தாண்டிப் போய்விடும். நடந்து கழிப்பதைவிட, தட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது சுலபம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

2019-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை. இருபது பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் கொடுத்தார்கள். வேண்டுமட்டும் சாப்பிடலாம். முன்னதில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வேகமாகவும் தின்றிருக்கிறார்கள். 'போதும்' என்று வயிறு மூளைக்குத் தகவல் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் தட்டு காலி! பிறகு தூக்கம். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். தூக்கம் குறைந்தால் அது கூடுகிறது என்கின்றன ஆய்வுகள். மூன்று ஷிஃப்ட் மில் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஆக, அதிகம் தின்கிறவனுக்கு வாய்க்கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போவது சுத்த சோம்பேறித்தனம்.

நண்பர் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் வந்து நிற்கிறதே பால்கோவா, அதன் பிறந்த ஊரையும் விசாரித்து விடுவோம் என்று பஸ் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். 192 அடிக் கோபுரம், அதன் நிழலில் வரிசையாகப் பால்கோவாக் கடைகள். பாலும் சர்க்கரையும், அவ்வளவுதான் சரக்கு! 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

"அந்தக் காலத்துல ஆண்டாளக் கும்பிட வர்றவுக கால் கிலோ வாங்கிட்டுப் போவாக. அத எட்டுப் பேரு பங்கு வச்சுச் சாப்பிடுவாக, தம்பி," என்றார் ஒரு கடைப் பெரியவர். "இப்ப பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல ஒரே ஆளு கால் கிலோவ முடிச்சுப்புட்டு, தண்ணி கேக்காக!"

அந்த ஆண்டாளின் திருப்பாவையை யோசித்துப் பாருங்கள். இரண்டாம் பாட்டிலேயே நெய் வேண்டாம், பால் வேண்டாம் என்று நோன்பு. இருபத்தேழாம் பாட்டில்தான் பால்சோறு, அதுவும் நெய் முழங்கை வரை ஒழுகுகிற மாதிரி! கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் வைக்கிறோமே, அது இதற்காகத்தான். நடுவில் இருபத்தைந்து நாள் இருந்தது. நாம் அந்த இருபத்தைந்து நாளைத் தூக்கி எறிந்துவிட்டு, இருபத்தேழாம் பாட்டை மட்டும் தினமும் பாடிக்கொண்டிருக்கிறோம்!

ஆபீஸ் சுவரில் போர்டு மாட்டுவதைவிட, ஆபீஸ் கேன்டீன் வாணலியில் அரசாங்கம் கை வைக்கலாம் என்பது என் கட்சி.

மில் நண்பர் அரசாங்கத்துக்குக் காத்திருக்கவில்லை. கேன்டீன் கான்ட்ராக்டரிடம் நேராகப் போய், மூணரைக்குச் சுண்டல் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"தாராளமா போடலாம் சார். பஜ்ஜியை விடச் செலவு கம்மிதான். இதுவரைக்கும் யாருமே கேக்கலையே!" என்றாராம் அவர்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் சுண்டல். மற்ற நாட்களுக்கு இன்னும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். எதிர்சீட்டுக்காரர் மட்டும் போட மாட்டேன் என்கிறாராம்.