கண்ணை மூடினால் பழைய காயம் ஆறுமா?

ராத்திரி பதினோரு மணி. ஹெட்போனில் ஒரு குரல்: கண்ணை மூடுங்கள், மனசில் இருக்கும் வலியை ஒரு பலூனில் அடைத்துப் பறக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் மேனேஜர் குரலை உயர்த்தியதும், எட்டாம் வகுப்பில் எல்லார் முன்னாலும் அடி வாங்கிய நாள் அப்படியே கண் முன்னால் வந்து நிற்கிறது. பலூன் எங்கே போச்சு?

ஆடியோவைக் குறை சொல்ல முடியாது. மூச்சு சீரானால் உடம்பின் பதற்றம் தணியும். அதன் வேலை அவ்வளவுதான். பழைய நினைவை அது தொடுவதில்லை.

நினைவையே தொடுவதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது: 'இமேஜரி ரீஸ்கிரிப்டிங்'. இதில் வலியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடி அந்த வகுப்பறைக்கே திரும்பப் போக வேண்டும். என்ன தெரிகிறது, அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று சிகிச்சையாளர் கேட்பார். பிறகு அந்தக் காட்சிக்குள் ஒருவர் நுழைவார். ஆரம்பத்தில் அது சிகிச்சையாளர்; போகப்போக, இன்றைய நீங்களே. ஓங்கிய கையைத் தடுத்து, அந்தப் பிள்ளையை வெளியே கூட்டி வந்து, "தப்பு உன்மேல இல்ல" என்று சொல்ல வேண்டும். நடந்தது மறந்துபோகாது. 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அன்று மனசு எழுதிக்கொண்ட தீர்ப்புதான் மாறுகிறது.

இது வேலை செய்கிறதா? ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்தில் 155 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. எல்லாருமே சிறுவயதுக் கொடுமைகளால் பி.டி.எஸ்.டி. பாதிப்புக்கு ஆளானவர்கள். பாதிப் பேருக்கு இந்த முறை, மீதிப் பேருக்கு இ.எம்.டி.ஆர். என்ற இன்னொரு சிகிச்சை. இரண்டு பக்கமும் பாதிப்பு நன்றாகவே குறைந்தது. ஒவ்வொருவருக்கும் 90 நிமிட அமர்வுகள், அதிகபட்சம் 12. அதாவது 18 மணி நேரம் வரை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். பத்து நிமிட ஆடியோவை இதோடு ஒப்பிடவே முடியாது.

ஆனால் இங்கே அந்த ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டம். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு (நோயைப் பொறுத்து மாறும்) சிகிச்சை போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் ரீல்ஸ் 'ஹீலர்'கள் கடை விரிக்கிறார்கள்.

அவர்களில் யாராவது "கண்ணை மூடு, சின்ன வயசில் உனக்கு என்ன நடந்ததுன்னு கண்டுபிடிக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1995-ல் எலிசபெத் லோஃப்டஸ் குழு 24 பேரிடம், 'சின்ன வயசில் கடைவளாகத்தில் நீங்கள் தொலைந்துபோனீர்கள்' என்று நடக்காத ஒரு கதையைச் சொன்னது. கால்வாசிப் பேர் அது ஓரளவுக்காவது ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். இல்லாத காயத்தைக்கூட கற்பனையால் உருவாக்கிவிட முடியும். ரீஸ்கிரிப்டிங்கில் உங்களுக்கு ஏற்கெனவே ஞாபகம் இருப்பதைத்தான் எடுப்பார்கள்.

சிகிச்சையாளரைத் தேடினால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தனியாக ஆடியோ கேட்கும்போது பழைய காட்சி மூச்சை அடைத்தால் அதை முடித்தே ஆக வேண்டும் என்று இருக்காதீர்கள். கண்ணைத் திறந்து, கால் இரண்டையும் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.