மண்ணறிந்து கட்டும் சிறு வீடு

முகாமிலிருந்து சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பம் முதலில் கேட்பது ஒரு வீடு. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எப்படிப்பட்ட வீடு என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பிறரிடம் விட்டுவிடுகிறோம். அதன் விலையைப் பின்னர் வெக்கையிலும் கடனிலும் செலுத்துபவர்கள் நாமே.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் போன்ற முகாம்களில் வாழ்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் அவர்களது காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அதே காலத்தில் வடக்குக் கிழக்குக்கென 65,000 இரும்பு வீடுகள் திட்டமிடப்பட்டன. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இரும்பு நமது வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றதல்ல, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதில் வேலையில்லை என்று எதிர்ப்பு எழுந்தது. அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை.

அதற்கு முன், 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், 5,50,000 ரூபா உதவியுடன் குடும்பங்களே தமது வீட்டைக் கட்டின. இது சிறந்த முறை. ஆனாலும் விலைவாசி ஏறியதாலும், உதவித் தொகைக்கு மிஞ்சிய அளவில் அத்திவாரம் போட்டதாலும் பலர் கடன்பட்டனர்.

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இதற்கு ஒரு வழி காட்டினார். சிற்றூர் வீடுகள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். செங்கல்லை நெடுங்குத்தாக வைத்து, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். இதனால் கல்லில் நாலிலொரு பங்கு மிச்சமாகும், வெப்பமும் குறையும். ஏழைகளின் வீடுகளையும், திருவனந்தபுரம் லயோலா கல்லூரியின் சிற்றாலயத்தையும் அவர் ஒரே சிக்கன உணர்வோடு கட்டினார்.

நமது மாவட்டத்தில் இதை எப்படிச் செய்யலாம்?

1. இடமும் திசையும்
மாரியில் வெள்ளம் எவ்வளவு ஏறும் என்பதை ஊரின் முதியவர்களிடம் கேட்டறியுங்கள். அத்திவாரம் அதற்கு மேல் உயர வேண்டும். வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களிலேயே விழும். எதிரெதிராக யன்னல் வைத்தால் காற்று ஊடாகச் செல்லும். கச்சான் காற்று வீசும் மேற்குப் பக்கத்தில், விழுந்தால் கூரையில் படாத தூரத்தில், வேம்பு நடுங்கள்.

2. சுவர்
மேல்மண் பயிருக்கு, அடிமண் சுவருக்கு. ஒரு போத்தலில் மூன்றிலொரு பங்கு அடிமண் இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். மணல் பாதியளவும் களி ஐந்திலொரு பங்களவும் இருந்தால் நல்ல மண். களி மிகுந்தால் மணல் சேர்க்கலாம். இருபது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சீமெந்து கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கல் அரியலாம். இக்கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. விறகுக்காகக் காடும் அழியாது. ஆனால் நிழலில் வைத்து 28 நாள் ஈரமாகப் பேண வேண்டும். பின்னர் ஒரு கல்லை ஒரு நாள் நீரில் ஊறவிடுங்கள். கரைந்தால் கலவையைத் திருத்துங்கள்.

3. கூரை
1964 டிசம்பர்ச் சூறாவளியை நமது மூத்தோர் மறக்கவில்லை. நாற்புறமும் சரிந்த கூரை காற்றை நன்கு தாங்கும். சிலாகையை வளையோடும், வளையைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் இரும்புப் பட்டியால் பிணையுங்கள். விறாந்தைக் கூரையைத் தனியாக அமைத்தால், காற்று அதைத் தூக்கினாலும் வீட்டின் கூரை தப்பும். மண்கல் சுவரை மழை நனைக்காதபடி தாவாரம் இரண்டரை அடியாவது வெளியே நீளட்டும். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை நீடித்து உழைக்கும். ஆனால் பனையை அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். ஒன்று வெட்டினால் பத்து விதை நடுவோம்.

4. நீர்
500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,180 லீற்றர் நீர் விழுகிறது. பீலியும் தொட்டியும் வைத்தால் அது வீட்டுக்கு உதவும். மிஞ்சுவதைக் கிணற்றருகே குழியில் இறக்கினால் நிலத்தடி நீர் ஊறும்.

முழு வீட்டையும் ஒரே தடவையில் கட்ட முயல வேண்டாம். ஓர் அறை, சமையலறை, அகன்ற விறாந்தை, மலசலகூடம் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். அடுத்த அறைக்கான இடத்தை விட்டுவையுங்கள். இரண்டு போக அறுவடைக்குப் பின் அதைக் கட்டலாம். வட்டிக்கு வாங்கிய பணத்தில் எழுந்த மாடத்தைவிட, கடனில்லாத சிறு வீடு நிம்மதி தரும்.

காணி இன்னும் கிடைக்காத குடும்பங்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடக்கூடும். காணிக்கான உரிமைக் குரலை நாம் தளர்த்தக் கூடாது. அதேவேளை, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கல் அச்சை வாங்கி, இளைஞர்களைப் பழக்கலாம். இன்று அது ஒரு தொழில். காணி கிடைக்கும் நாளில் அதுவே நமது சுவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல் பூமியை நமது பொது இல்லம் என்கிறது. அந்த இல்லத்தைச் சிதைக்காமல் நமது சிறு இல்லத்தை எழுப்புவோம்.