1935-லேயே ரூ.1 லட்சம் சம்பளம், ஜோடியாக ஹீரோ கிடையாது! யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

ஹீரோவுக்கு ஒரு சம்பளம், ஹீரோயினுக்கு ஒரு சம்பளமா? தமிழ் சினிமாவில் இன்னைக்கும் ஓயாத பஞ்சாயத்து இது. ஆனால், தமிழ் சினிமா பேசத் தொடங்கி நாலே வருஷத்தில், ஒரு படத்துக்கு ரூ.1 லட்சம் சம்பளம் வாங்கியவர் ஒரு பெண். ஒரு பவுன் தங்கம் 30 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அப்படிப் பார்த்தால் 3,000 பவுனுக்கும் மேல்!

அவர்தான் கே.பி.சுந்தராம்பாள். 'திருவிளையாடல்' ஔவையார் என்றால் இந்தத் தலைமுறைக்கும் சட்டென்று முகம் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஔவையாருக்குப் பின்னால் இருக்கும் கதை பலருக்குத் தெரியாது.

ரயிலில் பாடிய சிறுமி

1908-ம் ஆண்டு, ஈரோடு அருகே காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். 'கே' என்றால் கொடுமுடி, 'பி' என்றால் பாலாம்பாள். ஆமாம், அவருடைய இனிஷியலில் இருப்பது அம்மாவின் பெயர்.

வீட்டில் கடுமையான வறுமை. சின்ன வயதில் ரயிலில் பாடி, கிடைத்த காசில் வயிற்றைக் கழுவிய குடும்பம். அந்தக் குரல்தான் அவரை நாடக மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் குரலுக்கு அது ஒரு பிரச்னையே இல்லை.

மேடையில் சேர்ந்த ஜோடி

அப்போது இலங்கையிலும் தமிழ் நாடகங்களுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. 1920-களில் அங்கே நாடகம் போடப் போன சுந்தராம்பாளுக்கு ஜோடியாக மேடை ஏறினார் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பா. உச்சஸ்தாயியில் பாடினால் கூட்டமே சொக்கிப் போகும் என்று பெயர் வாங்கியவர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்கவே கூட்டம் அலைமோதியது.

மேடை ஜோடி, நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. அந்த உறவு சுமுகமாகப் போகவில்லை. இடையில் பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றோடு நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை அதை மாற்றவே இல்லை.

அந்த 1 லட்சம் எப்படி வந்தது?

புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகை இப்படி முடிவெடுத்தால், கரியர் அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நடந்தது வேற.

'நந்தனார்' கதையைப் படமாக்க நினைத்த தயாரிப்பாளர் ஹசன்தாஸ், சுந்தராம்பாளைத் தேடி வந்தார். இவருக்கோ சினிமாவில் இஷ்டமில்லை. விடாமல் கேட்டவரைத் திருப்பி அனுப்பவே, யாரும் கொடுக்க முடியாத ஒரு தொகையாக ரூ.1 லட்சம் கேட்டார் என்று சொல்லப்படுகிறது. ஆனால், அவரோ 'சரி' என்றுவிட்டார்!

1935-ல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் சுந்தராம்பாள் ஏற்றது ஆண் வேடம். நந்தனாரே அவர்தான். அதனால் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. நந்தனாரை வேலை வாங்கும் வேதியராக நடித்தவர் பிரபல கர்னாடக இசைப் பாடகர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் சரித்திரமானது.

நிபந்தனையே அடையாளம் ஆனது

அதன் பிறகு அவர் நடித்த முக்கியமான வேடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 1940-ல் 'மணிமேகலை'. 1953-ல் ஜெமினியின் பிரம்மாண்ட படைப்பான 'ஔவையார்'. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். எல்லாமே துறவிகள், இல்லையென்றால் பக்தியில் வாழ்ந்தவர்கள். டூயட் இல்லை, காதல் காட்சி இல்லை. 25 வயதில் துக்கத்தில் போட்ட நிபந்தனைக்கு ஏற்ற மாதிரி சினிமாதான் அவருக்கு வேடம் தேடியது.

'பூம்புகார்' படத்துக்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. சுந்தராம்பாளோ தீவிர முருக பக்தர், அதோடு காங்கிரஸ்காரர். படத்தின் பாட்டு ஒன்றில் கடவுளைக் கேள்வி கேட்பது போல வந்த வரியைப் பாட அவர் தயங்கியதாகவும், பிறகு அந்த வரியே மாற்றப்பட்டதாகவும் சொல்வார்கள்.

மொத்தமாக அவர் நடித்த படங்கள் 15-க்கும் குறைவுதான். ஆனாலும் இன்றுவரை பெயர் நிற்கிறது.

மேலவைக்குப் போன முதல் நட்சத்திரம்

சினிமாவில் இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்றால் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா பெயர்கள்தான் உடனே வரும். அவர்களுக்கெல்லாம் முன்பே, 1951-ல் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினர் ஆனவர் சுந்தராம்பாள். சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடி, சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களுடன் பிரசாரம் செய்தவர் அவர். அன்றைக்குக் கூட்டம் சேர்க்க அந்தக் குரல் ஒன்றே போதும்.

'துணைவன்' படத்தில் பாடியதற்காக, 1969-ம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 60-ஐத் தாண்டியிருந்தது. 1970-ல் பத்மஸ்ரீ விருது. சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியில் தன் பெயரில் தியேட்டர் கட்டினார். 1980-ல் காலமானார்.

ஏன் இவர் முக்கியம்?

கணவனை இழந்த பெண்ணை வீட்டுக்குள்ளேயே முடக்கிப்போட்ட காலம் அது. சுந்தராம்பாள் அந்தத் துக்கத்தை மறைக்கவும் இல்லை, அதற்காகத் தொழிலை விடவும் இல்லை. என்ன வேடம், எவ்வளவு சம்பளம், எதைப் பாடுவேன், எதைப் பாட மாட்டேன் என்பதைத் தானே முடிவு செய்தார்.

ரயிலில் பாடிக் காசு வாங்கிய அதே குரலுக்கு, ரூ.1 லட்சம் என்று விலை சொன்னதும் அவரேதான்.