உங்களுக்குத் தெரியுமா? விமானத்தின் வயது ஆண்டில் மட்டும் இல்லை

விமானத்தை எப்போது சோதிப்பது என்பதை மூன்று கணக்குகள் தீர்மானிக்கின்றன: பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய தடவைகள், கடந்துபோன மாதங்கள். பல சோதனைகளில், எந்தக் கணக்கு முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். உலோக அரிப்புக்கு மாதக் கணக்கு முக்கியம். விமானத்தின் உடலுக்கோ ஏறி இறங்கும் கணக்கே பெரிது. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுவதால் உலோகத் தோல் விரிகிறது, இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பத் திரும்ப வளைத்த கம்பிபோல அது ஒருநாள் விரிசல் விடும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நடந்தது இதுதான். அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் எப்படியோ விமானத்தை மாவி தீவில் இறக்கினார்கள், அசாத்தியமான திறமை அது. அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி நேரம். ஏறி இறங்கியதோ 89,680 தடவை! தீவுக்குத் தீவு குட்டிப் பயணங்கள், கூடவே கடலின் உப்புக்காற்று.

விரிசல் சோதனையில் தெரியும் அளவிலிருந்து ஆபத்தான நீளத்துக்கு வளர எத்தனை பயணங்கள் ஆகும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குள் குறைந்தது இரண்டு சோதனைகளாவது வரும்படி இடைவெளியை வைக்கிறார்கள். ஒன்றில் தப்பினாலும் அடுத்ததில் சிக்கிவிடும்.

அன்று அந்த அலோஹா விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கண்ணில் அப்படி ஏதாவது பட்டால், தயங்காமல் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.