தின்றும் மெலியும் குதிரை

கோடையில் நெடுந்தீவுக் குதிரைகள் மெலிகின்றன என்றால் காரணம் தேடவேண்டியதில்லை; புல்லும் நன்னீரும் அற்றுப்போவதே காரணம். ஆனால், இலாயத்திலே வேளை தவறாது புல்லும் கொள்ளும் பெறும் குதிரையொன்று, அவற்றைத் தின்றுகொண்டே விலாவெலும்பு தெரிய மெலியுமாயின் அதனை என்னென்பது? இவ்வாறு மெலியச் செய்யும் நோய்களுள் ஒன்று குடலில் உண்டாகும் நிணநீர்ப்புற்று. அதனை மிருக வைத்தியர் எவ்வாறு கண்டறிகின்றார் என்பதையே இன்று கூறக் கருதினேன்.

இது அரிய நோய். ஆகவே வைத்தியர் முதலிற் புற்றை எண்ணுவதில்லை. பற்களைப் பார்ப்பார், சாணத்திற் புழுவின் முட்டை உண்டா என ஆராய்வார், ஈரலைச் சோதிப்பார். இவற்றிற் குறையொன்றும் காணாதவிடத்தே ஐயம் குடலின்மேற் செல்லும். விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காய்ச்சல், சிலவேளை கழிச்சல், அடிவயிற்றிலும் கால்களிலும் வீக்கம் ஆகியன அவ்வையத்தை வலுப்படுத்தும். வீக்கத்துக்குக் காரணம், குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் பழுதுற்ற குடலின் வழியே கசிந்துபோவதாகும்.

அடுத்துச் செய்யப்படுவது எளியதொரு சோதனை. இரவு முழுவதும் பட்டினி வைத்த குதிரைக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் குளுக்கோசை நீரிற் கரைத்து, மூக்கு வழியே செலுத்திய குழாயினால் இரைப்பைக்குள் விடுவர். 500 கிலோ நிறையுள்ள குதிரைக்கு அரைக் கிலோ குளுக்கோசு வேண்டும். குடல் நலமாயிருப்பின், இரண்டு மணி நேரத்திற் குருதியின் குளுக்கோசு தொடக்க அளவினும் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் உயரும். 15 பங்குகூட உயராவிடின் சிறுகுடல் உறிஞ்சுந் தொழிலை இழந்துவிட்டதென்பது பெறப்படும். ஆயினும், இழந்தது எதனால் என்பதை இச்சோதனை கூறாது. புற்றல்லாத நாட்பட்ட குடலழற்சியும் இதே விடையைத் தரும்.

வைத்தியர் குதவழியே கைவிட்டுத் தடவினால், பருத்த நிணநீர்க்கணுக்கள் சிலவேளை கைக்கு அகப்படும். ஆனால் குதிரையின் சிறுகுடலோ ஏறக்குறைய எழுபது அடி நீளம். கைக்கு எட்டுவது சிறுபகுதியே. செவிக்கெட்டா ஒலியலைகளாற் படம்பிடிக்கும் கருவி குடற்சுவர் தடித்திருப்பதைக் காட்டும். அதுவும் சான்றேயன்றித் தீர்ப்பன்று.

தீர்ப்பை இழையத் துணுக்கே தரவல்லது. மலக்குடலிலிருந்து அதனை எடுப்பது எளிது. எனினும் புற்று சிறுகுடலில் மட்டும் இருப்பின் அத்துணுக்கு நோயைக் காட்டாது. மூன்று மீற்றர் நீளமான உள்நோக்கியாற் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து மேற்படையைக் கிள்ளி எடுக்கலாம். சுவர் முழுவதையும் ஊடுருவிய துணுக்கு வேண்டுமாயின் வயிற்றைத் திறந்தோ, துளையிட்டோ எடுத்தல் வேண்டும். நலிந்த குதிரைக்கு அது சிறு துன்பமன்று.

துணுக்கு கிடைத்தபின்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அழற்சியிலும் புற்றிலும் குடற்சுவரில் நிறைவன நிணநீர்க்கலங்களே. அவை ஒரே கலத்தின் வழித்தோன்றல்களா என்பதைச் சிறப்புச் சாயங்களாலும் பரம்பரையலகுச் சோதனையாலும் நோயியல் நிபுணர் ஆராய்வார்.

துணுக்கெடுக்குமுன் ஸ்டீரோயிட்டு மருந்தைக் கொடுத்துப் பார்ப்போமே என்று குதிரைக்காரர் கேட்பதுண்டு. அம்மருந்தால் அழற்சியும் தணியும், புற்றும் சிலகாலம் தணியும். பின்னர் எடுக்குந் துணுக்கிற் புற்று மறைந்து நிற்கவுங்கூடும். அழற்சியாயின் சில குதிரைகள் மருந்தினால் தேறுகின்றன. புற்றாயின் பெரும்பாலும் தேறுவதில்லை. நோவில்லாமல் அதன் உயிரை முடித்துவிடுவதா, இன்னும் வைத்துப் பராமரிப்பதா என்று குதிரைக்காரர் முடிவுசெய்ய வேண்டியிருப்பதும் அந்தத் துணுக்கின் விடையைக் கொண்டே.