வீட்டிலிருந்தே வேலை: பத்து நிமிட ஓய்வு ஏன் தேவை?

காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கு வரும் சரக்கின் சுங்க ஆவணங்களை ‘ஐஸ்கேட்’ இணையதளத்தில் தாக்கல் செய்யலாம். இதுபோன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்வோருக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் வீடே அலுவலகமானால், அலுவலகக் கோபமும் மனைவி மக்கள் மீதே இறங்கும்.

2021ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 14 பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்தனர். தலா அரை மணி நேரம் கொண்ட நான்கு இணையக் கூட்டங்களில் தொடர்ச்சியாகக் கலந்துகொண்டபோது, மன அழுத்தத்தைக் காட்டும் பீட்டா அலைகள் கூடிக்கொண்டே போயின. இடையிடையே பத்து நிமிடம் தியானம் செய்தபோது அவை கூடவில்லை. ஆய்வு சிறியதுதான்; என்றாலும் பாடம் தெளிவானது: அழுத்தம் சேர்ந்த பிறகு இரவில் ஓய்வெடுப்பதைவிட, சேரும் முன்பே இறக்கி வைப்பது நல்லது.

செய்முறை எளிது. திரையை மூடுங்கள், கைபேசியும் வேண்டாம். மூக்கால் மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். எண்ணம் அலைந்தால் மீண்டும் மூச்சுக்குத் திருப்புங்கள்.

நமக்கு லுஹரும் அஸரும் வேலை நேரத்திலேயே வருகின்றன. அவசரமாகத் தொழுதுவிட்டுத் திரைக்கு ஓடாமல், தொழுத இடத்திலேயே சில நிமிடங்கள் திக்ரில் அமருங்கள். அந்த நேரத்தில் வீட்டாரும் வேலை ஏவாதிருக்கட்டும். தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.