விழித்திரை ஊசிக்குக் காப்பீடு: விதி மாறியும் தீராத சிக்கல்

புது தில்லி: விழித்திரை நோய்க்காகக் கண்ணுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தச் சில நிமிடங்களே போதும். சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, ஊசி போட்டு, சிறிது நேர ஓய்வுக்குப் பின் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிகிச்சை இவ்வளவு எளிதாகிவிட்டதே காப்பீட்டுத் தொகை கிடைப்பதற்குத் தடையாகிவிட்டது என்பதுதான் வேதனை.

நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையை அடிப்படையாகக் கொண்டது. தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. தொழில்நுட்ப வளர்ச்சியால் ஒரே நாளில் முடிந்துவிடும் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. கண்புரை அறுவைச் சிகிச்சை அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால், வழக்கமாகப் புறநோயாளியாகப் பெறும் சிகிச்சைகள் இதில் சேரா என்றும் அதே விதி கூறுகிறது. விழித்திரை ஊசிக்கான கோரிக்கைகளை நிராகரிக்க நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது இந்த வாசகமே.

பெருகும் நோயாளிகள்

இது ஒரு சிலரின் பிரச்னை அல்ல. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 50 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் 16.9 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதை, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 2015 முதல் 2019 வரை நடத்திய தேசிய ஆய்வு கண்டறிந்தது. முதுமையால் விழித்திரையின் மையப் பகுதி சிதைவோர் இவர்களுக்கு அப்பாற்பட்டவர்கள்.

இந்நோய்களுக்கு ஓர் ஊசியோடு சிகிச்சை முடிவதில்லை. தொடக்கத்தில் மாதம் ஒன்று வீதமும், பின்னர் நோயின் போக்குக்கு ஏற்பவும், ஆண்டுக்கணக்கில் போட வேண்டியிருக்கும். இடையில் நிறுத்தினால் விழித்திரையில் மீண்டும் நீர் கோக்கக்கூடும். அதனால் இழந்த பார்வை பின்னர் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கோரிக்கை ஒன்று மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தால் இழப்பு பணத்தோடு நிற்காது.

2019 உத்தரவு

இந்நிலையை மாற்ற முனைந்தது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம். 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 12 நவீன சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என அறிவித்தது. விழித்திரை ஊசியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த பாலிசிகளுக்கும் 2020 அக்டோபர் முதல் இது பொருந்தியது.

எனினும் அதே உத்தரவு, இச்சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு விதிக்க நிறுவனங்களை அனுமதித்தது. முன்வாசலில் அளித்த உரிமை பின்வாசல் வழியே சுருங்கியது. ஆணையமே வடிவமைத்து 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் நவீன சிகிச்சைக்கான வரம்பு, காப்பீட்டுத் தொகையில் பாதி. ரூ.1 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ரூ.50 ஆயிரம். அதிலும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதத்தை அவரே ஏற்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து தேவைப்படுவோருக்கு இத்தொகை சில ஊசிகளிலேயே தீர்ந்துவிடும்.

உத்தரவு வந்த பின்னரும் வழக்குகள் ஓயவில்லை. கேரளத்தில், தாயின் கண் சிகிச்சைக்கான தொகை 'உள்நோயாளியாகச் சேரவில்லை' என்று மறுக்கப்பட்ட வழக்கில், ரூ.57,720 வழங்குமாறு எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

சீர்திருத்தமும் எஞ்சிய குறையும்

அண்மைக் காலத்தில் சில நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024-இல் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கு இது ஆறுதல். 5 ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் செலுத்தியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகக் கூறி மறுக்க முடியாது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த 2025 ஜனவரியில் தடை வந்தது. தனிநபர் பாலிசிகளுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

கோரிக்கையை நிராகரித்தால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்பதையும் நிறுவனம் குறிப்பிட வேண்டும். அதை எழுத்துமூலம் பெற்று, முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டாலோ, முறையீடு நிராகரிக்கப்பட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை. ரூ.50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால், மங்கும் பார்வையோடு முதியவர் ஒருவர் இத்தனை படிகளையும் ஏறி இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா என்பதே கேள்வி. மேலும், வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து தேவைப்படும் கிளாக்கோமா நோயாளிகளுக்கு, புறநோயாளிச் செலவை ஏற்காத பாலிசிகளால் அன்றாடப் பயன் ஏதுமில்லை.

2023-24-இல் ரூ.1.17 லட்சம் கோடிக்கான மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ரூ.83,493 கோடி மட்டுமே வழங்கப்பட்டதாக ஆணையத்தின் ஆண்டறிக்கை தெரிவித்தது. விலக்கக் கூடாது என்று உத்தரவிட்ட ஆணையம், நோயாளிக்கு ஓராண்டில் தேவைப்படும் ஊசிகளின் செலவைக் கணக்கிட்டு, உச்சவரம்பு அதற்குக் கீழே இறங்காதபடி குறைந்தபட்ச அளவையும் நிர்ணயித்தால்தான் 2019 உத்தரவு முழுமை பெறும். அதுவரை, எத்தனை ஊசி தேவை என்பதைத் தீர்மானிப்பது மருத்துவராக இருக்காது. பாலிசியின் உச்சவரம்பாகவே இருக்கும்.